நீங்கள் வாங்காத நூறு மதிப்பெண்

அக்கா,

இன்றைக்கும் உங்கள் பெயரில் ஒரு குறுஞ்செய்தி என் போனுக்கு வந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். இந்த மாதப் பயிற்சியை நீங்கள் இன்னும் தொடங்கவில்லையாம், உடனே முடிக்க வேண்டுமாம். மேலே உங்கள் முழுப்பெயர், இனிஷியலோடு. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் எல்லாம் உங்கள் பெயரை எடுத்துவிட்டோம். பயிற்சி நடத்தும் இணையதளத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்ல வேண்டியவள் நான்தான். அதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அந்த எண்ணைக் கொடுத்ததும் நான்தானே. உத்திரமேரூரில் பதிவு செய்ய நம் நாலு ஆசிரியர்களையும் வரச்சொன்னார்கள், நினைவிருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் ஓடிபிக்காக உங்களை எங்கே தேடுவது என்று, என் போனில் சும்மா கிடந்த இரண்டாவது சிம்மின் எண்ணை உங்கள் பெயருக்கு எழுதிவிட்டேன். பெரிய உதவி செய்த நினைப்பு எனக்கு.

அப்படித்தான் எல்லாப் பயிற்சியும் நடந்தது. வீடியோவைத் தாண்டி ஓட்ட முடியாது என்பதால் அதை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் நோட்டுத் திருத்துவோம். கடைசியில் வரும் கேள்விகளுக்கு நான் பதில் அழுத்துவேன். முதலில் என்னுடையது, அப்புறம் மற்ற மூன்று பேருடையது. என்னுடையதில் எது தப்பு என்று தெரிந்துவிடும். அதனால் உங்களுக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு. எனக்குக்கூட எழுபதுதான்.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவீர்கள். "எம்மா, நீ சொல்லு மட்டும். நானே அழுத்திப் பாக்கறேன்" என்பீர்கள். மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி திரையின் ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். காலையில் வருகைப் பதிவு, மதியம் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற பதிவு, நடுவில் அலுவலகத்திலிருந்து நாலு போன். இதற்கு நடுவே யார் உட்கார்ந்து சொல்லித் தருவது? "விடுங்க அக்கா, நான் முடிச்சுடறேன்" என்று உங்கள் கையிலிருந்து மவுஸை வாங்கிவிடுவேன். ஒரு நாளா, இரண்டு நாளா? இரண்டு வருஷம் இதையே சொன்னேன்.

அப்புறம் ஸ்மார்ட் போர்டு வந்தது. யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தபோது அலுவலகத்தில் பயிற்சிப் பட்டியலைப் பார்த்தார்கள். எல்லாப் பயிற்சியும் முடித்தவர், எல்லாவற்றிலும் நூறு. சாவி உங்கள் கைக்கு வந்தது. நாம் சிரித்தோம். போர்டைப் போடுவதும் அணைப்பதும் நான், கையெழுத்து நீங்கள் என்று வைத்துக்கொண்டோம்.

ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வந்த அன்று நான் சத்துணவுக் கூடத்தில் இருந்தேன். கூப்பிட்டார்கள் என்று ஓடிவந்தபோது, நீங்கள் ரிமோட்டைப் பிடித்தபடி போர்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். திரை வெறும் நீலமாக இருந்தது. ஒயரை மாற்றிச் செருகினால் வந்துவிடும். அது எனக்குத் தெரியும். உங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாப் பயிற்சியிலயும் நூத்துக்கு நூறு எடுத்திருக்கீங்களே டீச்சர்?" என்று கேட்டார் அவர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறந்துவிட்டது சார் என்றீர்கள். நான் வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பயம், அக்கா. வேறொன்றும் இல்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோதும் மறதி என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினீர்கள். சாலையில் பாதி இடத்தை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "நூறு வாங்கினது தப்பும்மா. ஒரு நாப்பது வாங்கிக் குடுத்திருந்தா ஒருத்தரும் என்னைக் கூப்ட்ருக்க மாட்டாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதோடு விட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. உங்கள் மகன் புது டச் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். திருப்புலிவனத்தில் வீட்டிலிருந்தபடியே பயிற்சியைத் திறக்கப் பார்த்திருக்கிறீர்கள். "ஓடிபி உன் போனுக்குத்தான் வந்துகீதாம், பாரு. சீக்கிரம் சொல்லு, பத்து நிமிஷம்தான் டைம் கீது." கையெல்லாம் மாவு, அப்புறம் பார்க்கிறேன் என்றேன். மறந்தேபோனேன். மறுபடி கூப்பிட்டீர்கள், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகூட இது எதற்கு, நாளைக்கு நானே முடித்துவிடுகிறேன் என்று எரிந்து விழுந்தேன்.

"நீ முடிக்காதம்மா. நம்பரை மட்டும் மாத்திக் குடு" என்றீர்கள்.

எண்ணை மாற்ற ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும். ஒரே ஒரு பக்கம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு மாதம் ஓட்டினேன். அதற்குள் ஒரு புதன்கிழமை காலையில், பள்ளிக்குக் கிளம்பும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது. உங்கள் பயிற்சிக்குள் நீங்கள் ஒருநாளும் நுழையவே இல்லை, அக்கா. கதவுக்கு வெளியே நின்று மூன்று தடவை கூப்பிட்டீர்கள். நான் திறக்கவில்லை.

உங்கள் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். செங்கல்பட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறி வருகிறாள். டச் போனில் எல்லாம் தெரிந்தவள்தான், ஆனால் அலுத்துப்போய்க் கிடக்கிறாள், என்னைப்போல. இன்று நான் உங்கள் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தாள். "மேம், என்னுதையும் சேர்த்து முடிச்சுடுங்களேன். பாஸ்வேர்டு தரேன்."

எனக்கு முதுகு வலி. அவளுடையதையும் நானே அழுத்திவிட்டால் அரை மணியில் முடிந்துவிடும். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "உக்காரும்மா. நான் சொல்றேன், நீயே அழுத்து" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். சத்தத்தைக் கூட்டி முழு வீடியோவையும் பார்த்தோம். அதில் பாதி எனக்கே புதிது. பள்ளி விட்டபிறகும் உட்கார்ந்ததில் அவளுடைய நாலரை மணி பஸ் போய்விட்டது. ஐம்பத்தைந்து வாங்கினாள்.

உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி நாளைக்கு எழுதிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை உங்கள் பயிற்சி நிலுவையில்தான் இருக்கும். உள்ளே போக வழி தெரியும், ஓடிபியும் என் போனுக்குத்தான் வரும். இதை மட்டும் நான் முடிக்க மாட்டேன், அக்கா.