கிணற்றில் இறங்காத காரணம்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

இன்று உரும்பிராயில் ஒரு தோட்டக் கிணற்றில் தண்ணி மோட்டர் திருத்தம். குழாயின் அடி வால்வு அடைத்திருந்தது. கயிற்றில் இறங்கிக் கழற்ற வேண்டும். இறங்குவது எப்போதும் நான்தான். என்னோடு வேலை செய்யும் குகன் மேலே நின்று கயிறு பிடிப்பான். விளிம்பில் காலை வைத்ததும் ஒரு கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது. காலை இழுத்துக்கொண்டேன்.

"என்னண்ணை, தண்ணி குளிரோ?" என்று குகன் சிரித்தான்.

"மதிக்கு ஏழு மாதமடா. புருசன்காரன் கிணத்துக்கை இறங்கக்கூடாதெண்டு மாமி சொன்னவ."

"முதலே சொல்லியிருக்கலாமே! நான் தனிக்கட்டை, விடுங்கோ."

இறங்கினான். முழங்கையில் இரத்தத்தோடு ஏறி வந்தான்.

போன மாதம் இதே மாமி பாடைக்குத் தோள்கொடுத்துக் காவவேண்டாம் என்று தடுத்தபோது, "விசர்க்கதை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்க் காவியவன் நான்.

எந்த உயிரும் தன் குஞ்சுக்காகத் தன்னைக் காக்கும், அது இயற்கைதானே என்று வழியெல்லாம் எனக்கே நியாயம் சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை. முதலில் பின்வாங்கியது கால். பிள்ளை நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகு. குகனும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பது நினைவுக்கே வரவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்த குகன் மதியிடம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொல்லிவிட்டான். அவன் போனதும் அவளுக்குக் கண் கலங்கியது.

"இஞ்சேருங்கோ, எங்கடை பிள்ளையிலை இவ்வளவு பாசமோ உங்களுக்கு?"

"ஓம்" என்றேன்.

என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது.

கையையும் இழுத்துக்கொண்டேன்.