பசுவை எடுக்க மாட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நான் நலம்.

இங்கே ஓல்ஷினெக் கிராமத்தில் ஒரு சின்னச் சண்டை. பயப்படாதீர்கள். நான் வேலை பார்க்கும் ஊராட்சியின் இணையதளத்துக்கு, ஊரைப் பற்றி அறிமுகக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நீச்சல்குளம், வேக இணையம், பழைய மரத் தேவாலயம் இவற்றோடு விடியற்காலையில் கெனோவேஃபா அம்மாளின் பசுக்கள் கத்துவதையும் எழுதினேன். தலைவர் செஸ்வாவ் முகம் சுளித்தார்.

"மாட்டை எடுத்துடும்மா. சாணி நாத்தம்னு புது வீட்டுக்காரங்க ஏற்கனவே மனு குடுத்திருக்காங்க. இதையும் படிச்சா எவன் மனை வாங்குவான்?"

"எடுக்க மாட்டேன் தலைவரே. இருக்கிறதை இல்லைன்னு எப்படி எழுதுறது?"

வியாழக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முழுவதையும் வாசித்துவிட்டேன். புது வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து, தொழுவத்தையே ஊருக்கு வெளியே மாற்றச் சொன்னார். கெனோவேஃபா அம்மாள் விடவில்லை.

"ஏம்பா, தினம் பாத்திரத்தோட பால் வாங்க வர்றப்ப மட்டும் மூக்கு அடைச்சுக்குதா?"

கூடமே சிரித்தது, அந்தப் புது வீட்டுக்காரரின் மனைவி உட்பட. கூட்டம் ஒப்புக்கொள்ள, கட்டுரை அப்படியே வெளியாகிவிட்டது. தலைவர்தான் என்னோடு பேசுவதில்லை. மார்ச்சில் என் வேலையை நீட்டிப்பது அவர் கையில் இருக்கிறது.

காய்ந்த காளான் கொஞ்சம் அனுப்புங்கள், என் பழைய போர்வையையும். கடிதம் இரண்டு பக்கமாவது இருக்கட்டும். நம் தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைக்கூட எழுதுங்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது. தலைவரிடம் மன்னிப்புக் கேள் என்று மட்டும் எழுதாதீர்கள் அம்மா. கேட்க மாட்டேன்.

உங்கள் மகள்,
லுத்மீலா