உயரம் மாறாமல் எடுத்த படம்

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்று காலை பீரோவை நகர்த்தினேன். பின்னாலிருந்து ஒரு தாள் விழுந்தது. நீ எடுத்த படத்தின் பிரதி. உனக்குத் தெரியாமல் நான் அச்செடுத்து வைத்துக்கொண்டது.

அப்போது ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் கான்ட்ராக்ட். பெர்மனன்ட் இடம் ஒன்றுதான். கூரான கண்ணாடி இழையின் முனையில், ஒளி கசியும் அளவுக்கு ஒரு நுண்ணிய துளை. அதைப் பழுப்பு நிலக்கரிச் சீவலின் மேல் உரசாத குறையாக நெருக்கி நகர்த்திப் படமெடுப்போம். துளை சிறுத்து, இடைவெளியும் குறையக் குறையப் படத்தில் நுணுக்கம் கூடும். இருவருக்கும் அதே கருவி, அதே முனை. என் படங்கள் மங்கலாகவே வந்தன. உன் படத்தில் மட்டும், அந்தத் துளையை விடச் சிறிய குழிகள்கூடப் பளிச்சென்று தெரிந்தன.

ஏதோ திருத்தியிருக்கிறாய் என்றே நினைத்தேன். வெள்ளிக்கிழமை நீ தொழுகைக்குப் போனதும் உன் கம்ப்யூட்டரைத் திறந்து தேடினேன். எதுவும் சிக்கவில்லை. திரும்பினால் கதவருகே நீ.

“இன்னாடா தேடிகினு இருக்க? கேட்டா நானே காட்ட மாட்டேனா?”

நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

“எனக்கும் இந்தப் படத்து மேல சந்தேகந்தான். மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி முனை ஏறி எறங்குதுல்ல, அதுலயே வெளிச்சம் கூடும், கொறையும். இன்னிக்கு அத சோதிச்சுடணும்னு நெனச்சிகினுதான் வந்தேன்.”

முனையை ஏறி இறங்க விடாமல், நான் எடுப்பது போல ஒரே உயரத்தில் வைத்து அதே இடத்தை மறுபடி எடுத்தாய். குழிகள் காணோம். என் படங்களைப் போலவே மங்கல். முதல் படத்தில் நாம் பார்த்தது முனையின் ஏற்ற இறக்கத்தைத்தான்.

அறிக்கையிலிருந்து அந்தப் படத்தை நீயே எடுத்துவிட்டாய். பெர்மனன்ட் எனக்குக் கிடைத்தது. நீ கைகொடுத்துவிட்டு உன் ஊர் மேல்பட்டாம்பாக்கத்துக்கு பஸ் ஏறினாய்.

அன்று நான் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டாலும் அந்தச் சோதனையைச் செய்திருப்பாயா? இத்தனை வருடத்தில் உன்னிடம் இதைக் கேட்கவில்லை. நீ சொன்னதை முழுதாக நம்பவும் இல்லை.

போன மாதம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வெளியே நின்றபோது, உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணன் வூட்ல எப்பவும் உங்களப் பத்திதாங்க பேசிகினு இருக்கும். வேலை செய்ற எடத்துல அவன் ஒருத்தனத்தான் நம்பலாம்னு சொல்லும்.”

தலையாட்டிவிட்டு வந்தேன். நெய்வேலி வரும்வரை, நான் உன்னை நம்பவில்லை என்று தெரிந்தேதான் அதைச் சொன்னாயா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் யோசிக்கிறேன்.