மாரியின் ஏழு சாவுகள்

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்று கோட்டைக்குப்பத்தில் தேசம்மா என்னை நிறுத்தினாள். மாரியின் மனைவி. மாரியை இயக்கத்துக்குக் கூட்டிப்போனவன் நான். அவன் காட்டில் போலீஸால் சுடப்பட்டுச் செத்தான். நான் பிடிபட்டு, ஒன்பது வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்து, கொலைக்கதை எழுதிப் பிழைக்கிறேன்.

ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறாலைக் கூறு வைத்துக்கொண்டே கேட்டாள்: "உன் ஏழு கதையும் படிச்சேண்ணா. சாவுற ஆளு எல்லாமே டீ குடிக்கறதுக்கு முன்னாடி கிளாஸைக் கன்னத்துல ஒத்திக்கிறான். அது அவருதான்னு எனக்குத் தெரியாதா இன்னா?"

அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

"ஏழு வாட்டி கொன்னுட்ட. ஒரு தபா வூட்டுக்கு அனுப்பேண்ணா."

வீட்டுக்கு வந்ததும் எட்டாவது கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிணமாக வேண்டியவனை அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறக்கி, பஸ் ஏற்றி, தேசம்மாவின் வாசல் வரை கூட்டி வந்துவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. யாரும் இல்லாதபோது அவளை அவன் என்ன சொல்லிக் கூப்பிடுவான்? எனக்குத் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.