எண்ணாமல் விட்ட ஆள்

நம் பிள்ளையைப் பெற்றவளுக்கு, கிடங்குக் காவலில் நான் சுகம். உன் முழங்கால் தேவலையா? நான் சொல்லச் சொல்ல, கூடத் தங்கியிருக்கும் சமையல்காரர் எழுதுகிறார்.

கோடையில் நீங்கள் வரும்போது கடலோரத் தேசியப் பூங்காவில் இரண்டு நாள், பிறகு நகரத்தில் இரண்டு நாள் என்று பேசினோமே, அதற்கு நேற்று பூங்கா விடுதியில் இடம் பிடிக்கப் போனேன். எத்தனை பேர் என்று கேட்டாள் அங்கிருந்த பெண். நீ, மகன், மருமகள், பேத்தி என்று விரல் மடக்கி, நாலு என்றேன். சீட்டும் போட்டுவிட்டாள்.

"அப்ப நீங்க வரலையா பெரியவரே?"

பதினொரு வருஷம் நாலு மாசமாக இங்கே தனியாக இருந்து, உங்களை மட்டுமே எண்ணி வாய் பழகிவிட்டது. நாம் பேசிய வாரத்தில் ஐந்தாவது கட்டில் இல்லையாம். தரையில் படுக்கிறேன் என்றாலும் விடவில்லை. அடுத்த வாரம் என்றால் ஐந்து பேருக்கும் இடம் உண்டு, மாசக் கடைசிக்குள் சொல்லணும். மகனை லீவை மாற்றச் சொல். எனக்கு ஒரு போர்வை கொண்டு வா.

முடியாதென்றால் நீங்கள் நாலு பேர் மட்டும் போய் வாருங்கள் என்று எழுதச் சொன்னேன். பிறகு அதை அடிக்கச் சொல்லிவிட்டேன். நானும் வரணும். அடுப்பில் உலை பொங்குகிறது, இவர் எழணுமாம்.