சத்தம் போடாத மிஷின்

3.8.2008, ஞாயிறு

கடலில் மேப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டரைப் படகில் வைப்பது என்று இன்று காசிமேட்டில் போட்டி. என் பேத்தி ஸ்டெல்லா கொண்டுபோனது ஒன்று, படகு டிரைவர் தேசப்பன் கொண்டுவந்தது ஒன்று. ஜெயிப்பதைத்தான் எங்கள் மீனவர் சங்கத்துப் படகுகள் எல்லாவற்றிலும் வைப்பார்கள். கடலில் வேறு கரண்டு கிடையாது என்பதால் இரண்டையும் ஒரே மாதிரி பேட்டரியில் ஓட்டினார்கள். அவனுடையது ஃபேன் இரைச்சலோடு மளமளவென்று வேலை செய்தது. ஸ்டெல்லாவுடையது மெதுவாக, சத்தமே இல்லாமல்.

"இன்னா பாப்பா, உன் மிஷின் செத்துப்பூட்சா?" என்று தேசப்பன் சிரித்தான்.

எஞ்சின் சத்தத்தை வைத்தே பலத்தை எடைபோடுகிறவர்கள் நாங்கள். நானும் அவள் மிஷின் தோற்றதென்றே நினைத்தேன்.

"இதோட சிப்பு கம்மியாத்தான் கரண்டு குடிக்கும் மாமா, இரு" என்றாள் ஸ்டெல்லா.

மதியமே பேட்டரி தீர்ந்து அவனுடையது அணைந்தது. அவளுடையது பொழுது சாய்ந்தும் ஓடியது.

"மேடம், எல்லாப் படகுக்கும் நீங்களே வந்து மாட்டிக் குடுங்க" என்றான் தேசப்பன்.

மேடமாம்! என் ஸ்டெல்லா!