எந்தக் கோபம் அது?

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். தொப்பை என்னைவிடச் சுகம்.

எங்கள் லாண்டரியில் இஸ்திரி போடும் மரிவிக், பிலிப்பைன்ஸின் செபு தீவுக்காரி. குவைத்தின் வம்பெல்லாம் நாங்கள் இருவரும் அரைகுறை இந்தியில் பேசித் தீர்ப்போம். நேற்று, "காண்ட்ராக்டை மறுபடி நீட்டிட்டேன், வீட்டில கோபம்" என்றேன்.

"எந்தக் கோபம் பாய்?"

அவள் பாஷையில் சிடுசிடுப்பு 'சபோட்', எரிச்சல் 'லகோட்', நேரடிக் கோபம் 'சுகோ'. பிரியமானவர் மேல் மனம் நொந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'லுவோட்'. என் பெண்டாட்டி நாலையும் ஒரே தட்டில் பரிமாறுவாள் என்று பீற்றிக்கொண்டேன். மரிவிக் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சரி, இப்போ போன்ல என்ன சொல்றா?"

"'உங்க இஷ்டங்க, உடம்பப் பாத்துக்குங்க'ன்னு வெச்சிடறா."

"சண்டை?"

"மாஃபி. நாலு மாசமா ஒண்ணுமில்ல."

அவள் சிரிப்பு நின்றுபோனது. "அது கோபமே இல்ல பாய்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அப்புறம் நான் எத்தனை ஜோக் அடித்தும் நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன். என்னைத் திட்டு. என் அம்மாவையும் சேர்த்துத் திட்டு. கார்டில் காசு தீரும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த 'உங்க இஷ்டங்க' மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னமும் உன் வீட்டுக்காரன்தானே என்று கேட்கப் பயப்படுகிறவன்